சலான் வந்தால் புத்தகம் போகும்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் லைனில் நின்ற காலம் அது. வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். உடம்பு ஒன்றுக்குப் பழகி முடிக்கும்போது அடுத்தது வந்து நிற்கும். அந்த வருஷங்களை இப்போது நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது கண்ணெரிச்சல்தான். தூக்கத்தைத் தவிர வேறு எதற்கும் நான் ஆசைப்பட்டதாக நினைவில்லை.

அப்படிப்பட்டவன் புத்தகம் விற்கப் போனது சுத்தக் கொழுப்பு. தெற்கேயிருந்து ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடி வருகிறவர்களுக்குக் கம்பெனிகளில் ஒரு எழுத்துத் தேர்வு வைப்பார்கள். வெர்னியரில் அளவு பார்ப்பது எப்படி, எந்தத் தீயை எதைக்கொண்டு அணைப்பது, இந்த மாதிரி. எல்லா இடத்திலும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான். ஊர்க்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், அத்தனையையும் என் பழைய லேப்டாப்பில் தமிழில் தட்டச்சு செய்து, வெல்டிங்குக்கு மட்டும் தனி அத்தியாயம் எழுதி, படமெல்லாம் போட்டு பி.டி.எஃப். ஆக்கினேன். மின்னூல் என்று சொல்லிக்கொண்டேன். இலவசமாகக் கிடைத்த ஒரு வலைப்பூவில் விளம்பரமும் போட்டேன்.

நெட்டில் பணம் கட்டுகிற பழக்கம் அப்போது எங்கள் ஆட்களிடம் கிடையாது. பேங்கில் என் கணக்கில் கட்டிவிட்டு, சலானை பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் பண்ணி எனக்கு மெயிலில் அனுப்புவார்கள். நான் அதைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை அனுப்ப வேண்டும். சொல்வதற்குச் சுலபம். எங்கள் கம்பெனிக்குள் போன் போகாது, கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஷிஃப்ட் முடிந்து எடுத்தால் மிஸ்டு கால்கள் வரிசையாக நிற்கும்.

"அண்ணே, பணம் கட்டிட்டேன், புக்கு வரலியே. நாளைக்கு இன்டர்வியூண்ணே."

நாளைக்கு இன்டர்வியூ இல்லாத ஒருவன்கூட என்னிடம் புத்தகம் வாங்கியதில்லை.

படப்பையில் மாடியில் ஒரு அறையும் சமையலறையும் எங்கள் வீடு. என் மனைவி கணிதத்தில் பி.எட். முடித்தவள். கல்யாணத்துக்கு முன் சங்கரன்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாள். என்னோடு இங்கே வந்ததில் அது போயிற்று. நான் ஷிஃப்டில் இருக்கும்போது சலான் பார்த்துப் புத்தகம் அனுப்பும் வேலை அவள் தலையில் விழுந்தது. நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் நான் தூங்கினால் போன் எடுப்பதும் அவள்தான். "பாடம் நடத்துத வாய வச்சுக்கிட்டு உங்க கடைக்கு கிளார்க்கா இருக்கேன்" என்று ஒருநாள் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

அந்த ஏப்ரலில், ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் புதிதாக ஒரு பள்ளிக்கூடம் வரப்போவதாகவும் கணக்கு டீச்சர் தேவை என்றும் போர்டு வைத்திருந்தார்கள். விண்ணப்பத்தை மெயிலில்தான் அனுப்ப வேண்டுமாம். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே மெயில் முகவரி, புத்தகத்துக்காக நான் திறந்தது. ஒரே போன், அதுவும் என்னுடையது. இரண்டையும் எழுதி அனுப்பினாள். அன்றிலிருந்து பத்தாம் வகுப்புக் கணக்குகளை என் பழைய ஷிஃப்ட் அட்டவணைகளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். ஆங்கிலச் செய்தி பார்த்தாள். வாய்க்குள் திருப்பிச் சொல்லியும் பார்த்தாள்.

"இது கெடச்சாத்தான் நான் இந்த ஊர்ல இருக்கேன்னு எனக்கே தோணும்" என்றாள். அவள் இங்கே வந்து அப்போதே இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அவளை அந்த கிளார்க் வேலையிலிருந்தாவது விடுவிப்போம் என்றுதான் ஆரம்பித்தேன். மெயிலில் ஒரு வசதி இருப்பதைக் கண்டுபிடித்தேன். இன்ன மாதிரி மெயில் வந்தால், எழுதி வைத்த பதிலைத் தானாக அனுப்பிவிடும். புத்தகத்தை இறக்கிக்கொள்ளும் லிங்க்கை அந்தப் பதிலுக்குள்ளேயே போட்டுவிடலாம். வந்த மெயிலையும் கண்ணில் படாமல் ஒரு தனிப் பெட்டிக்குள் தள்ளிவிடலாம். முதலில் 'புக்' என்ற வார்த்தை இருந்தால் அனுப்பு என்று வைத்தேன். வேலைக்கு ஆகவில்லை. எங்கள் ஆட்கள் மெயிலில் வார்த்தையே எழுதுவதில்லை. தலைப்பு காலி, உள்ளே காலி, சலான் மட்டும் ஒட்டிக்கொண்டு வரும். யோசித்துப் பார்த்து விதியை மாற்றினேன். மெயிலோடு ஒரு ஃபைல் சேர்ந்து வந்தால் அது சலான், புத்தகத்தை அனுப்பிவிடு.

சோதித்துப் பார்க்க பிரவுசிங் சென்டருக்குப் போய் அவர்கள் மெயிலிலிருந்து ஒரு போட்டோவைச் சேர்த்து எனக்கு அனுப்பினேன். நொடியில் புத்தகம் வந்துவிட்டது. சென்டர்க்காரர் உள்ளூர் ஆள், எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னா சார், துட்டே கட்டாம ஒர்த்தன் சும்மா எதுனா போட்டோ அனுப்பிச்சா இன்னா பண்ணுவ?"

"வாங்கிட்டுப் போகட்டும்ணே. எனக்குத் தூங்கணும்."

"நல்லா யாவாரம் பண்ற சார் நீ."

அவர் கிண்டல் பண்ணியது எனக்கு உறைக்கவே இல்லை. அந்த வாரம் போன் அடங்கியது. அடித்தாலும் எடுப்பதில்லை, பகலில் சத்தத்தை அணைத்துவிட்டேன். எல்லாம் தானாக நடக்கும்போது எதற்குப் பேச வேண்டும்? கல்யாணமான நாளிலிருந்து அப்படி நான் தூங்கியதே இல்லை.

அவள் தினமும் மெயிலைத் திறந்து பார்ப்பாள். பெட்டி துடைத்து வைத்த மாதிரி இருக்கும். எனக்கு அதில் ஒரு பெருமை வேறு.

"இன்னிக்கும் ஒண்ணும் வரல."

"வந்தா அங்கனதான இருக்கும்" என்பேன், கண்ணைத் திறக்காமல்.

ஜூன் மாதம் அந்தப் பள்ளிக்கூடத்தின் வேன் எங்கள் தெருவுக்கு வர ஆரம்பித்தது. அவள் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். ஆங்கிலச் செய்தியையும் நிறுத்திவிட்டாள். "விண்ணப்பத்துல எதுவும் தப்புத் தப்பா எழுதிட்டனோ என்னமோ. நம்ம இங்கிலீசப் பாத்தே தள்ளி வச்சிருப்பாங்க" என்று பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். அதெல்லாம் இல்லை என்று சமாதானம் சொன்னேன். அவள் சொல்வது உண்மையாக இருக்குமோ என்று உள்ளுக்குள் நினைக்கவும் செய்தேன். அப்படி நினைத்ததை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யாரெல்லாம் ஏமாற்றியிருக்கிறார்கள் பார்க்கலாம் என்று அந்தத் தனிப் பெட்டியைத் திறந்தேன். அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சென்டர்க்காரர் சொன்னது சரிதான். சலானுக்கு நடுவே என்னென்னவோ வந்திருந்தது. ஒருவன் தன் பைக்கை அனுப்பியிருந்தான். இன்னொருவன் கல்யாணப் பத்திரிகை, என்னை அழைக்கவில்லை, கைக்குக் கிடைத்ததை அனுப்பியிருக்கிறான். எல்லோருக்கும் புத்தகம் போயிருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்தது, அடுத்தது என்று அவளே அழுத்திக்கொண்டு போனாள்.

பிறகு அவள் கை நின்றது.

பள்ளிக்கூடத்தின் கடிதம். நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லி, வருவதை உறுதி செய்து பதில் போடும்படி கேட்டிருந்தார்கள். அழைப்புக் கடிதத்தைத் தனி ஃபைலாகச் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். மே மாதத் தேதி. அதற்குக் கீழே எங்கள் பதில் இருந்தது. நான் உட்கார்ந்து அழகாக எழுதி வைத்தது. 'அன்பு நண்பரே, சலான் கிடைத்தது. உங்கள் புத்தகம் இதோ. நாளைய இன்டர்வியூவில் வெற்றி பெற வாழ்த்துகள்.'

நான்கு நாள் கழித்து அதே கடிதத்தை அவர்கள் மறுபடியும் அனுப்பியிருந்தார்கள். மறுபடியும் சலான் கிடைத்தது, மறுபடியும் வாழ்த்துகள்.

அவள் இரண்டையும் முழுக்கப் படித்தாள். எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். திட்டித் தொலைத்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

மறுநாள் காலையில் என் போனிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்தைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நானும் கேட்க வேண்டும் என்றுதான் இருக்கும். அந்தப் பக்கம் பேசிய பெண்மணி மரியாதையாகத்தான் பேசினார்.

"ரெண்டு தடவ லெட்டர் அனுப்பிச்சோம் மேடம். ரெண்டு தடவையும் நீங்க ஏதோ வெல்டிங் புக்கு அனுப்பிச்சீங்க. போன் பண்ணா எடுக்கல. உங்களுக்கு இன்ட்ரஸ்ட் இல்லன்னு வேற ஒர்த்தங்கள போட்டுட்டோம். உங்க அப்ளிகேஷன்தான் மேடம் ஃபர்ஸ்ட்ல இருந்துச்சு."

"பரவால்ல மேடம்" என்று சொல்லிவிட்டு போனை என்னிடம் கொடுத்தாள்.

சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை. "நீ நிம்மதியா இருக்கணும்னுதான் இத்தனையும் செஞ்சேன்" என்றேன்.

"நீங்க தூங்கணும்னு செஞ்சீங்க" என்றாள். கோபமே இல்லாத குரல். வெட்கமாக இருந்தது. வெட்கப்படுகிற நேரத்திலும் கண் தூக்கத்துக்கு இழுத்தது, அதுதான் இன்னும் கேவலம்.

அன்று செகண்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் அந்த விதியை அழித்தேன். பழையபடி ஒவ்வொரு சலானாகப் பார்த்து நானே அனுப்பிக்கொள்கிறேன், நீ தொட வேண்டாம் என்றேன். சரி என்று தலையாட்டினாள். அதில் அவளுக்கு அக்கறை இருந்த மாதிரி தெரியவில்லை. லேப்டாப்பை மூடப் போனேன்.

"மூடாதீங்க. எனக்குன்னு ஒரு மெயில் தொறந்து குடுங்க."

திறந்து கொடுத்தேன். அவள் பேர், பிறந்த தேதி எல்லாம் அவள் சொல்லச் சொல்ல நானே அடித்தேன். பாஸ்வேர்டு கேட்கும் இடம் வந்ததும் லேப்டாப்பைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் அங்குட்டுத் திரும்பிக்கிடுங்க" என்றாள்.

நான் எழுந்து கதவுப் பக்கம் திரும்பி நின்றேன். கம்பெனி பஸ்சுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பெரிய பாஸ்வேர்டு போலிருக்கிறது, அவள் நிதானமாக அடித்துக்கொண்டிருந்தாள்.