மேட்டில் நின்ற இ-பைக்

ராத்திரியில் சார்ஜ் போட்டால் தீப்பிடிக்கும் என்று ஹவுஸ் ஓனரம்மா விடமாட்டார். காலையில்தான் போடுவேன். அன்றைக்குக் காலையிலேயே கரண்ட் போய்விட்டது. மிச்சமிருந்த சார்ஜை நம்பி மதிய ஷிஃப்டுக்குக் கிளம்பினேன். ஓசூர் சிப்காட் போகும் மேட்டில் இ-பைக் நின்றுவிட்டது. வெயிலில் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

பின்னாலிருந்து ஒரு பைக்காரர், “உக்காருங்க, கால் வெச்சுத் தள்றேன்” என்றார்.

மெதுவாகத்தான் தள்ளினார். எனக்கு எரிச்சல். “கொஞ்சம் வேகமாப் போங்கண்ணா, லேட்டாவுது.”

“சரிங்க.”

கம்பெனி கேட்டில் இறங்கித்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“நீங்களும் இங்கதானாண்ணா?”

“இல்லைங்க. நைட் ஷிஃப்ட், ஓ.டி. எல்லாம் முடிச்சு வீட்டுக்குப் போயிட்டிருந்தேன். எதிர்ல நீங்க தள்ளிட்டு வந்தீங்க. அதான் திரும்பி வந்தேன்.”

கொட்டாவி விட்டுக்கொண்டே, வந்த வழியிலேயே வண்டியைத் திருப்பினார்.

இப்போதும் அந்த மேட்டில் வண்டி திணறும்போதெல்லாம், அந்த “சரிங்க”தான் காதில் கேட்கிறது.