மனநலப் பிரிவில் ஓர் இடம்

திண்டிவனத்தில் வீடு, விழுப்புரத்தில் வேலை. ஒன்பது வருடமாகக் காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு தனியார் மருத்துவமனையின் பெண்கள் வார்டில் நர்ஸ். ஊசி போடுவது, டிரிப்ஸ் மாற்றுவது, பிரஷர் பார்ப்பது எல்லாம் கை தானாகச் செய்யும். மேலே படிக்க வேண்டும் என்ற எண்ணமே இருந்ததில்லை. அதிலும் மனநல நர்சிங் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அப்போது திருவாமாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். என் வயதுதான் இருக்கும். சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். பயிருக்கு அடிக்க வைத்திருந்த மருந்தைக் குடித்திருந்தாள். ஐ.சி.யூ.வில் பிழைத்து என் வார்டுக்கு வந்தவள் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் நான் டிரிப்ஸ் பாட்டிலை மாற்றும்போது, என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

“சிஸ்டர், நான் நல்லா தூங்கி ஆறு மாசம் ஆவுது. கண்ண மூடினா நெஞ்சு மேல யாரோ உக்காந்துகினு இருக்கிற மாதிரி இருக்குது.”

“எல்லாம் சரியாப் போயிடும்மா. மொதல்ல நல்லா சாப்புடுங்க” என்றேன். அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதன் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

டிஸ்சார்ஜ் அன்று மனநல மருத்துவரைப் பார்க்கும்படி டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார். அவள் கணவர் அதை என்னிடம் படிக்கச் சொல்லிக் கேட்டார். “பைத்தியத்துக்குப் பாக்கிற டாக்டருங்களா? எம் பொண்டாட்டிக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க” என்று சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். கோபமாகச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னார். அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. ஒன்பது வருட அனுபவத்தில் அதற்கு ஒரு வாக்கியம் இல்லை. அவர்கள் மறுபரிசோதனைக்கு வரவே இல்லை.

அந்த வாரத்திலிருந்து என்னால் ரயிலில் உட்கார முடியாமல் போயிற்று. இடம் கிடைத்தாலும் கதவோரம் போய் நிற்பேன். பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஸ்டேஷன்கள் போய்க்கொண்டிருக்கும், நான் போனில் மனநல நர்சிங்கில் எம்.எஸ்சி. இருக்கிற கல்லூரிகளைத் தேடிக்கொண்டிருப்பேன்.

என்னோடு நர்சிங் படித்த தோழி ஒருத்தி அமெரிக்காவில் இருக்கிறாள். அவளிடம் கேட்டேன். “இங்க மனநல நர்ஸ் பிராக்டிஷனர்னு ஒரு படிப்பு இருக்குது. படிச்சிட்டா நீயே ரூம்ல உக்காந்து பேஷண்ட்ட பாக்கலாம், மருந்து எழுதலாம். அங்க எம்.எஸ்சி. படிச்சி இன்னா பண்ணப் போற? ஏதாவது காலேஜ்ல பாடம் நடத்திக்கினு கெடப்ப” என்றாள். அவள் சொன்னதில் பொய்யில்லை. இங்கே மனநலத்தில் அப்படி ஒரு பதவி இல்லை. ஆனால் அங்கே போக வேண்டுமானால் அந்த நாட்டுத் தேர்வு, விசா, அங்கே சில வருட வேலை, அதற்கப்புறம்தான் படிப்பு. என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அவள் கல்லூரிக்குப் போகும்போதுதான் நான் ‘பிராக்டிஷனர்’ ஆவேன். போனை வைத்த பிறகும் ‘நீயே ரூம்ல உக்காந்து’ என்ற வார்த்தைகள் காதிலேயே நின்றன.

முதலில் பார்க்கப் போனது வானூர் தாண்டி இருந்த ஒரு தனியார் கல்லூரி. பஸ்ஸில் போய்வரும் தூரம். கல்லூரி அலுவலகத்தில் இருந்த ஓர் அம்மா மிகவும் அன்பாகப் பேசினார். “வேலைய வுட வேணாம்மா. வாரத்துல ரெண்டு நாள் வந்தா போதும், அட்டெண்டன்ஸ நாங்க பாத்துக்கிறோம்.” என் மனம் அப்போதே பாதி சம்மதித்துவிட்டது. வெளியே வந்து தண்ணீர் குடிக்கும்போது, படிக்கட்டில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டு எழுதிக்கொண்டிருந்த இரண்டாமாண்டு மாணவியிடம் பேச்சுக் கொடுத்தேன். மனநலப் பிரிவுதான் படிக்கிறாளாம்.

“பேஷண்ட்டுங்க கிட்ட எவ்ளோ நேரம் பேச வுடுவாங்க?” என்று கேட்டேன்.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். “வருசத்துக்கு ரெண்டு தடவ வேன்ல கூட்டிக்கினு போவாங்கக்கா. நான் இன்னும் ஒருத்தர் கிட்டயும் தனியா உக்காந்து பேசல. பழைய நோட்ட பாத்துத்தான் எழுதிக்கினு இருக்கேன்.”

இரண்டாவது, சென்னையில். பெரிய மனநல மருத்துவமனையில் பயிற்சி தருகிற கல்லூரி. இரண்டு வருடம் முழுநேரம், விடுதியில் தங்க வேண்டும். அந்தக் கல்லூரியில் பாடம் எடுக்கும் ஒருவர், என்னைவிட இளையவர், வார்டைக் காட்ட அழைத்துப்போனார். உள்ளே நுழைந்து பத்தடி வைத்திருக்க மாட்டேன். ஒரு பெண் ஓடிவந்து என் துப்பட்டாவைப் பிடித்து, “எம் புள்ளய எங்க வச்சிருக்க? சொல்லுடி” என்று கத்தினாள். ரத்தமும் சீழும் பார்த்துப் பழகியவள்தான் நான். ஆனாலும் துப்பட்டாவை இழுத்துக்கொண்டு கதவுப் பக்கம் பின்வாங்கினேன். அந்த ஆசிரியை குரலை உயர்த்தாமல், “புள்ளய காணோம்னு ரொம்ப பயந்துட்டிருக்கீங்க” என்று மட்டும் சொல்லி அவள் பக்கத்தில் நின்றார். துப்பட்டாவைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. அந்தப் பெண் அழத் தொடங்கினாள்.

எனக்குத் தேவையான வாக்கியம் அதைப் போன்றதுதான் என்று புரிந்தது. ஆனால் வெளியே காத்திருந்த என் கணவரிடம் வந்ததும் நான் சொன்னது வேறு. “வேணாங்க. எனக்கு இது ஒத்து வராது. வாங்க, ஊருக்குப் போலாம்.”

அவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். அதிகம் பேசமாட்டார். “சரி” என்றார்.

அந்த ‘சரி’ என்னை ஒரு மாதம் படுத்தி எடுத்தது. விண்ணப்பத்தைப் போனில் பாதி நிரப்புவேன், மூடிவிடுவேன். பொது வார்டு நோயாளிகளைப் பார்க்கும் மெடிக்கல் சர்ஜிகல் பிரிவை எடுத்தால் எங்கும் வேலை கிடைக்கும் என்று வார்டில் எல்லோரும் சொன்னார்கள். “அந்த மாதிரி ஆளுங்க கூடவே இருந்தா நமக்கும் தல சுத்தும்” என்றார் ஒரு மூத்த நர்ஸ். மாமியாருக்கு எந்தப் படிப்பு என்பது பெரிதில்லை. “பொட்டப் புள்ளய வுட்டுட்டு எப்படிம்மா ஆஸ்டல்ல இருப்ப?” என்பதுதான் அவர் கேள்வி. உலையில் அரிசி போட்டேனா என்று இரண்டு முறை திறந்து பார்த்த நாட்கள் அவை.

விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இடத்திலேயே கணவரிடம் கத்திவிட்டேன். “ஒண்ணு போன்னு சொல்லுங்க, இல்ல வேணாம்னு சொல்லுங்க. எல்லாத்துக்கும் சரி சரின்னா நான் இன்னாத்த பண்றது?”

அவர் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். துணியைக் கீழே வைத்தார். “வேணாம்னு சொன்னா ஆயுசுக்கும் பழிய எம்மேல போடுவ. போன்னு சொன்னா, புள்ள அழுவற அன்னிக்கு எம்மேல போடுவ.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

“பயமாத்தான் இருக்குது எனக்கும். புள்ளைக்குத் தல வாரத் தெரியாது, ஜொரம் வந்தா இன்னா பண்றதுன்னு தெரியாது. ஆனா நீ இங்க இருந்துக்கினு இருக்கிறதும் இருக்கிற மாதிரி இல்ல. ரெண்டு மாசமா யார் பேசினாலும் நீ எங்கயோ பாத்துக்கினு இருக்கிற.”

அதைக் கேட்டு நான் தெளிந்து எழுந்தேன் என்றெல்லாம் சொல்ல முடியாது. அன்று மாலையும் இரண்டு முறை மனம் மாறியது. ஆனால் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன்.

கலந்தாய்வில் என் முறை வந்தபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, “மெடிக்கல் சர்ஜிகல்ல சீட் இருக்கேம்மா. சைக்கியாட்ரிதான் வேணுமா?” என்று கேட்டார். அவர் கேட்டது நல்லெண்ணத்தில்தான். பின்னால் வரிசை நின்றது. “ஆமாங்க, சைக்கியாட்ரி” என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. வெளியே வந்து தோழிக்குச் செய்தி அனுப்பினேன். ‘அமெரிக்காவுக்கு அப்புறம் பாக்கலாம்’ என்று பதில் போட்டிருந்தாள். அந்த ஆசை இன்னும் போகவில்லை. படித்து முடித்து எங்கே நிற்பேன் என்றும் தெரியாது.

இப்போது அந்தச் சென்னைக் கல்லூரியில் முதலாண்டு பாதி முடிந்துவிட்டது. சனிக்கிழமை மதியம் எழும்பூரில் ரயில் ஏறுகிறேன், ஞாயிறு மாலை திரும்புகிறேன். மகள் முதல் மாதம் அழுதாள். இரண்டாம் மாதம் அழுகையை நிறுத்திவிட்டு, என்னோடு போனில் பேசுவதையும் நிறுத்தினாள். அது அழுகையைவிட மோசமாக இருந்தது. இப்போது பேசுகிறாள், ஆனால் அப்பா போடும் சடைதான் நன்றாக இருக்கிறது என்கிறாள்.

வார்டில் என் பொறுப்பில் விடப்பட்ட முதல் நோயாளி, யாரோடும் பேசாத ஓர் அம்மா. தினமும் முக்கால் மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். ஐந்து நாள் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். எழுந்து போய் யாருக்காவது பிரஷராவது பார்க்கலாம் என்று என் கால்கள் துடித்தன. ஆறாம் நாள் திரும்பி, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“உனக்கு வேற வேலை இல்லியா?”

“இதாம்மா என் வேலை” என்றேன்.

அவர் மறுபடியும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். எனக்கு இடம் விட்டாரா, கால் மரத்துப்போய் நகர்ந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் மீதியிருந்த நேரம் முழுவதும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.