புதுக் கேஜும் ஒரு சந்தனப் பொட்டும்

பீளமேட்டில் நாங்கள் படங்களுக்குப் பிரேம் போடும் கடை வைத்திருந்தபோது வேலை இரண்டு பேருக்கும் பிரிந்திருந்தது. என் வீட்டுக்காரர் ரம்ப மிஷினில் மரச் சட்டங்களை அறுப்பார். அவர் அறுத்ததில் மூலைக்கு மூலை சந்து விழும்; அதை மரத்தூளையும் பசையையும் குழைத்த மக்கு வைத்து நான் அடைப்பேன். மேலே பெயிண்ட் ஏறியதும் சந்து இருந்ததே தெரியாது. வருகிறவர்கள் மூலையைத் தடவிப் பார்த்து அவரைப் புகழ்வார்கள். அவரும் மீசையை நீவிக்கொண்டு கேட்டுக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நகக்கண்ணில் மரத்தூளோடு சோறு பிசைகிறவள் நானல்லவா.

குற்றம் முழுக்க அவருடையது என்றும் சொல்ல முடியாது. சட்டத்தைச் சாய்வாகப் பிடித்து அறுக்க மிஷின் மேஜையில் ஒரு கேஜ் உண்டு. அதன் திருகு தேய்ந்திருந்தது. நாற்பத்தைந்து டிகிரியில் நிறுத்தினால் அறுத்து முடிப்பதற்குள் விலகிவிடும். புதுசு வாங்குங்கள் என்று சொல்லும்போதெல்லாம், "அதான் நீ இருக்கியே அம்மணி" என்பார்.

தொண்ணூறுகளின் நடுவில், வெள்ளகோவில் விவசாயி ஒருவர் மகளின் கல்யாணப் படத்தோடு வந்தார். கூடவே தன் தோட்டத்துத் தேக்கில் இழைத்த சட்டமும் கொண்டுவந்திருந்தார். ஒரு பிரேமுக்குத்தான் காணும். பெயிண்ட் கூடாது, மக்கு கூடாது, மரம் மரமாகவே தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரருக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் தானாகவே டவுன்ஹால் பக்கம் போய்ப் புதுக் கேஜ் வாங்கி வந்துவிட்டார். முக்கியமான கோணத்துக்கெல்லாம் அதில் ஒரு துளை இருந்தது. கேஜின் முளை அதில் விழுந்து உட்கார்ந்தால் அசையாது.

வெள்ளிக்கிழமை காலையில் கேஜுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டினார். மத்தியானம் வேண்டாத மரத்துண்டுகளை அறுத்துச் சேர்த்துப் பார்த்தோம். கடைசி மூலை வாயைப் பிளந்து நின்றது. மறுபடியும் அறுத்தார். அதே சந்து.

"பழசே தேவலைங்கற மாதிரி ஆகிப்போச்சே" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தேக்கைத் தொடவே பயந்தார். வருஷக்கணக்காக வாங்கு வாங்கு என்று நச்சரித்தவள் நான்தானே.

கேஜைத் துடைத்தாவது வைப்போம் என்று எடுத்தேன். சட்டம் அணைந்து நிற்கும் முகத்தின் ஓரத்தில் நகம் எதிலோ இடறியது. காலையில் வைத்த சந்தனப் பொட்டு. பக்தி அதிகமாகிக் கெட்டியாக அப்பியிருந்தார். அது காய்ந்து கல்லாகிவிட்டது. சட்டம் அதன்மேல் ஏறி நின்றால் கேஜ் பாவம் என்ன செய்யும்? சுரண்டி உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். அவர் சந்தனக் கிண்ணத்தை எடுத்து, மரம் படாத பின்பக்கத்தில் புதுசாக ஒரு பொட்டு வைத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தேக்கு மூலைகள் சேர்ந்தன. நகத்தால் தேடித் தேடிப் பார்த்தேன், சந்து கிடைக்கவில்லை. சும்மா இருந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது.

படம் வாங்க வந்த விவசாயி மூலையைத் தடவினார். சொந்தக்காரர் வீட்டில் எங்கள் கடைப் படங்களைப் பார்த்திருக்கிறாராம். "உங்க கையில எப்பவுமே மூலை தெரியறதில்லீங்க" என்றார்.

இதோ இவர் கை மீசைக்குப் போகப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"அதெல்லாம் இவ கைவேலைங்க. நான் அறுத்து மூலை சேந்தது இதுதானுங்க மொதல்ல."