ஷிப்ட் முடிந்ததும் போகலாம் என்றேன்

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை, பெருந்துறையில் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்தேன். அங்கே வேலை பார்த்த ஸ்டெல்லா நாகப்பட்டினம் பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண். பதினொரு மணிக்கு கேண்டீன் டிவியில் செய்தி பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

“சார், எங்க ஊருக்குள்ள கடல் வந்துடுச்சாம். அம்மா தனியா இருக்காங்க. நான் இப்பவே போகணும்.”

ஆள் குறைந்தால் மேனேஜர் என்னைத்தான் கேட்பார். “டிவியில எல்லாத்தையும் பெருசு பண்ணித்தான் காட்டுவாங்க அம்மணி. ஷிப்ட் முடிஞ்சதும் போயிக்கலாம்” என்றேன். அவள் மிஷினுக்குத் திரும்பினாள். நாலு மணிக்குத்தான் விட்டேன்.

பத்து நாள் கழித்து, ஹாஸ்டலில் இருந்த துணிமணிகளை எடுத்துப்போக வந்தாள். அவள் அம்மாவை உயிரோடுதான் மீட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் மகளைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், அவள் போய்ச் சேர இரண்டு மணி நேரம் முன்பு இறந்துவிட்டார்.

“பதினொரு மணிக்கே கிளம்பியிருந்தா பாத்திருப்பேன் சார்” என்றாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது வீட்டில் ஏதோ பிரச்சினை என்று யார் வந்து நின்றாலும், பொய்யா நிஜமா என்று பார்ப்பதில்லை. நானே வண்டியில் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விடுகிறேன். நல்ல மனுஷன் என்கிறார்கள். ஸ்டெல்லாவைக் கேட்டால் தெரியும்.