நெற்றியில் மூன்று பட்டை

இன்று பெடாஸ் ஊர்ப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டுக்குப் போனேன். வாதம் வந்து பேச்சில்லாமல் கிடக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்ள, சம்பளத்துக்கு ஓர் அக்காவை வைத்திருக்கிறோம்.

“இப்பதான் குளிப்பாட்டி, திருநீறு பூசி விட்டேன் லா” என்றார்.

நெற்றியில் மூன்று பட்டை பளிச்சென்று இருந்தது. குளிக்காமல் திருநீற்றைத் தொடாத மனிதர் அப்பா.

ஆனால் குளியலறைத் தரை காய்ந்து கிடந்தது. போன வாரம் வாங்கி வைத்த சவுக்காரக் கட்டி காகிதம்கூடப் பிரிக்காமல் இருந்தது.

“பழசு இருந்துச்சு லா” என்றார் அக்கா.

அப்பாவை மெல்லப் புரட்டினேன். முதுகெல்லாம் பவுடர். துடைத்தால், அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் புண்.

“அது சூட்டுக் கொப்புளம் தம்பி.”

அப்பா என்னையே பார்த்தார்.

வீட்டில் ஆள் வைத்திருப்பவர்களே, நெற்றியைப் பார்த்தது போதும். முதுகைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், நன்றாகக் கவனிக்கிறார்கள் என்று.