அள்ளுற வண்டிக்கு முன்னால் ஒரு மாஸ்டர்

இரண்டு கைகளாலும் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, முகம் மாடியைப் பார்க்க, முதுகு தெருவைப் பார்க்க, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாகவே இறங்குகிறார் மாஸ்டர். ஒரு படிக்கு ‘ஸ்ஸ்’ என்கிறார். அடுத்த படிக்கு ‘யம்மா’ என்கிறார். ஓட்டப் பந்தயத்துக்கு மறுநாள் காலையில் அவர் வேலைக்குப் புறப்படும் அழகு இதுதான். நேராக இறங்கினால் தொடை இரண்டும் அலறுமாம். பின்பக்கமாக இறங்கினால் முனகலோடு விட்டுவிடுமாம். கீழ்வீட்டில் குடியிருக்கும் நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இதை ரசிப்பது அவருக்குத் தெரியும். “என்ன மாஸ்டர், ரிவர்ஸ் கியரா?” என்று கேட்டால் திரும்பாமலே பதில் வரும். “ரிவர்ஸ் வராதவனெல்லாம் டிரைவரே இல்ல சார். நீங்க அதுலதானே பெயிலு?”

அதில்தான் பெயில். மாஸ்டர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். எனக்கும் சொல்லிக்கொடுத்துப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு பஸ்ஸு நல்லாத்தானே வருது சார்” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். பயிற்சிப் பள்ளியின் சின்னக் கார், கூரைமேல் மஞ்சள் பலகை, அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக். காலையிலிருந்து பொழுது சாயும்வரை அவருடைய வலது கால் அந்த பிரேக்குக்கு ஒரு விரற்கடை மேலே அந்தரத்தில் நிற்கும். சுவரைப் பார்த்துப் போகிறவர்கள், சைக்கிளைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள், இடது என்றால் வலது பக்கம் திருப்புகிறவர்கள் எல்லாரையும் இத்தனை வருடங்களாக உயிரோடு வீடு சேர்த்தது அந்தக் கால்தான்.

கால் பழகிய பழக்கம் காரோடு நிற்பதில்லை. டிவியில் ஏதாவது வண்டி வளைவில் திரும்பினால் சோபாவில் உட்கார்ந்தபடியே தரையை அழுத்துவார். பஸ்ஸில் போனால் முன்சீட்டை மிதிப்பார். அவர் மனைவி பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் வேலை செய்பவர். யார் வலிக்கும் இரங்காத குரல். “தூக்கத்துல கூட பிரேக் அடிக்கிறாரு தம்பி. பிரேக் எங்கன்னு நெனைக்கிறீங்க? என் கெண்டைக்காலு!” என்று படியில் நின்று அவர் சொல்லும்போது மாஸ்டர் உள்ளே சட்டை தேடுவதுபோல் பாவனை செய்துகொண்டிருப்பார்.

பாடம் நடத்தும்போது அவர் வாயில் இரண்டே மந்திரம். ஒன்று, “பதறாத காரியம் சிதறாது.” கிளட்ச்சை விடும்போது, வளைவில், சிக்னலில், காசு கொடுக்கும்போதுகூட இதைச் சொல்வார். இன்னொன்று ஹாரனைப் பற்றியது. மாஸ்டருக்கு ஹாரன் சத்தம் ஆகவே ஆகாது. “ஹாரன் அடிச்சா என்ன அர்த்தம்? எனக்கு ஓட்டத் தெரியல, நீங்க ஒதுங்குங்கன்னு அர்த்தம். கை அங்க போவவே கூடாது.” அவர் காரில் ஹாரனைத் தொட்டவர் பாடம் முடிந்ததும் அவருக்கு டீ வாங்கித் தர வேண்டும். நான் வாங்கிக்கொடுத்த டீயில் ஒரு குடும்பம் குளித்திருக்கலாம்.

இப்படிப்பட்டவர் ஐம்பதை நெருங்கும் வயதில் ஓட ஆரம்பித்தார். சர்க்கரையா, கொழுப்பா, டாக்டர் மிரட்டினாரா என்று எல்லாரும் கேட்டோம். ஒரு நாள் மாடிப்படியில் உட்கார்ந்து ஷூ நாடாவை முடிந்துகொண்டே சொன்னார். “அடுத்தவன் ஓட்டுற வண்டியில பக்கத்துல உக்காந்தே என் காலம் போயிருச்சு சார். எத்தனையோ பேரை எங்கெங்கயோ கொண்டுபோய்ச் சேத்தாச்சு. ஒரு எடத்துக்காவது நானே போய்ச் சேரணும்.” சொல்லிவிட்டு, ரொம்பப் பேசிவிட்டோமோ என்று வெட்கப்பட்டவராக நாடாவை அவிழ்த்து மறுபடி முடிந்தார்.

அவர் குறிவைத்தது அரை மாரத்தான். இருபத்தொரு கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அந்த மூன்று மணி நேர வேகத்தில், எல்லாருக்கும் கடைசியாக ஒரு வேன் வரும். அதற்குப் பின்தங்கியவர்களை ஏற்றிக்கொண்டு வந்து முடிவுக் கோட்டருகே இறக்கிவிடும். ஓடுகிறவர்கள் அதற்கு வைத்த பெயர் ‘அள்ளுற வண்டி’. அதை ஓட்டுகிறவர் ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ். ஊரே சிஸ்டர் என்று கூப்பிடும். வேலையிலிருந்து நின்ற பிறகு மாஸ்டரிடம் கார் கற்றுக்கொண்டு, டெஸ்டில் மூன்று முறை கோட்டைவிட்டு நான்காம் முறை தேறியவர். அன்றிலிருந்து ஸ்டியரிங் உள்ள எதைக் கொடுத்தாலும் மாட்டேன் என்று சொல்வதில்லை.

முதல் பந்தயத்தில் மாஸ்டர் செய்தது என்ன? ஊருக்குத்தான் உபதேசம்! விசில் ஊதியதும் ஒல்லிப் பையன்களோடு பாய்ந்தார். முதல் வளைவுக்குள் தன் பாதி வயதுக்காரர்களையெல்லாம் முந்தினார், பாதித் தூரத்துக்குள் அவர்கள் எல்லாரும் திரும்ப முந்திப் போனதைப் பார்த்தார், கடைசியில் நடைபாதை ஓரத்தில் ஒரு தபால் பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார். பின்னாலேயே வேன் வந்தது. கதவு விலகியது. “ஏறுங்க மாஸ்டர். பெல்ட்டு போட்டுக்குங்க” என்றார் சிஸ்டர். வழியெல்லாம் அவருடைய கியரையும் கண்ணாடியையும் குறை சொல்லிக்கொண்டே வந்த மாஸ்டர், முடிவுக் கோட்டில் தன் மாணவர்கள் நாலைந்து பேர் கைதட்டக் காத்து நிற்பதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். வேனில் கொடுத்த போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டு இறங்கினார் என்று கேள்வி.

இரண்டாவது பந்தயத்தில் பதறவில்லை. நிதானமாகத்தான் போனார். முடிவுக் கோட்டுக்கு முன்னால் ஒரு மேடு உண்டு. அந்த மேட்டின் அடிவாரத்தில் வலது கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது. ஓடுகிறவருக்குக் கால் பிடிப்பது சகஜம். ஆனால் இவருக்குப் பிடித்த காரணம் இவர் ஒருவருக்கே உரியது. அதற்கு முந்தைய வாரம் லைசென்ஸ் டெஸ்ட் வாரம். படிக்காத பிள்ளைகள் பரீட்சைக்கு முதல்நாள் புத்தகத்தைத் தேடுவதுபோல் எல்லாரும் அந்த வாரம்தான் வருவார்கள். வாரம் முழுக்க பிரேக்மேல் தொங்கிய காலைத் தூக்கிக்கொண்டு நேரே ஓட வந்துவிட்டார். மறுபடியும் வேன், மறுபடியும் போர்வை. இந்த முறை அவர் மனைவியே கோட்டருகில் நின்றிருந்தார். வீட்டு வாசலுக்கு வந்ததும் சொன்னாராம், “இன்னும் ஒரே ஒரு தடவை. அதுலயும் வண்டியில வந்து எறங்குனீங்க, ஷூவை டப்பாவுல போட்டு பரண்ல ஏத்திருவேன். ஓடி ஓடிக் காலை ஒடிச்சுக்கிட்டா யாரு பாக்குறது?”

அது கோபமல்ல, பயம் என்று மாஸ்டருக்கும் தெரியும். ஆனால் அன்று மாலை ஷூவைத் துடைத்துத் துடைத்து, துடைக்க ஒன்றும் இல்லாத பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கே பாவமாக இருந்தது.

சிஸ்டர் வீடு தேடி வந்து காலை அழுத்திப் பார்த்தார். “மாஸ்டர், இந்தக் காலு ஓடுற அன்னைக்குக் கெடல. ஓடாத அன்னைக்குத்தான் கெட்டிருக்கு. மொதல்ல சும்மா இருக்கக் கத்துக்குங்க.”

“சும்மா இருக்குறதுக்கும் கிளாஸ் உண்டா சிஸ்டர்?”

“உண்டு. டெஸ்டும் உண்டு. அதுல நீங்க பெயிலு” என்றார் சிஸ்டர். மூன்று முறை தோற்றவருக்குப் பழிவாங்க ஒரு வாய்ப்புக் கிடைத்தால் விடுவாரா?

ஆசைப்பட்டு ஓடுகிறவரைச் சும்மா உட்காரச் சொல்வது லேசான காரியம் இல்லை. முதல் வாரம் பால் வாங்கப் போனவர் வேர்த்து விறுவிறுத்து வந்தார், பாலைத்தான் காணோம். அன்றிலிருந்து பாலை மனைவியே வாங்கினார். ஐஸ் தண்ணீர் வாளிக்குள் காலை விடும்போது அவர் போடும் கூச்சல் எங்கள் குளியலறைக் குழாய் வழியாக எனக்கு அப்படியே கேட்கும். சாப்பிட்டதும் படுத்துக் கால் இரண்டையும் சுவரில் சாய்த்து வைத்துக்கொள்வார். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் இரண்டு குதிகால் தடம் விழுந்துவிட்டது. “சுவரேறி ஓடுன ஒரே ஆளு எங்க வீட்டுக்காரருதான்” என்று அவர் மனைவி எல்லாருக்கும் காட்டினார்.

மூன்றாவது பந்தயத்துக்கு முந்தைய வாரம் அவர் செய்த காரியத்தைப் பள்ளியில் யாரும் நம்பவில்லை. காரில் ஏற மறுத்துவிட்டார். வகுப்பறையில் ஒரு நாற்காலியில் தான் உட்கார்ந்து, இன்னொரு நாற்காலியில் காலை நீட்டி, சாலை விதிகள் மட்டும் நடத்தினார். வலது காலுக்கு ஷூ கிடையாது, சாக்ஸ் மட்டும். சாக்ஸோடு பிரேக் போட்டால் வழுக்கும், கால் தானாக அடங்கும் என்று அவர் கணக்கு. அப்படியும் படத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்து ஒரு பெண் “போலாம்” என்று பதில் சொன்னபோது எதிர் நாற்காலி உதைபட்டு விழுந்ததாம்.

பந்தய நாளில் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை என்று சிஸ்டர் என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார். நான் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவன். வழியில் ஏழெட்டுப் பேரை அள்ளிவிட்டோம். ஒவ்வொருவரும் ஏறும்போது, அது மாஸ்டராக இருக்கக்கூடாதே என்று பார்த்தேன். அவர் இல்லை. முன்னால், வெகு முன்னால், அவருடைய பச்சைச் சட்டை ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. கிளட்ச்சை மெதுவாக விட்டிருக்கிறார் மனிதர் என்று சந்தோஷமாக இருந்தது.

கடைசி மேட்டில்தான் அந்தப் பச்சைச் சட்டை பெரிதாகிக்கொண்டே வந்தது. அவர் மெதுவாகிறார் என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் அவருடைய முதுகில் வேர்வை படர்ந்திருக்கும் வடிவம்வரை தெரிந்தது. வலது காலை ஜாக்கிரதையாக வைத்துக்கொண்டிருந்தார்.

“சிஸ்டர், கொஞ்சம் மெதுவாப் போங்களேன். யாரு பாக்கப் போறா?” என்றேன்.

“நான் பாப்பேனே” என்றார் சிஸ்டர். கண் கலங்கியிருந்தது, கை அசையவில்லை. “அவருக்கு அப்படி ஒரு ஜெயிப்பு வேணாம் தம்பி. கேட்டா என் லைசென்ஸைப் புடுங்கிருவாரு.”

அந்த நேரம் பார்த்து மேடு தாங்காமல் வேன் திணறியது. இரண்டாம் கியரில் எஞ்சின் குலுங்கி, நிற்கப்போவதுபோல் இருமியது. அதுவாக நின்றுவிட்டால் யாருடைய குற்றமும் இல்லை. நான் அப்படியே நின்றுவிடு தாயே என்று வேனை வேண்டிக்கொண்டேன். முன்னால் ஓடிக்கொண்டிருந்த மாஸ்டருக்கும் அது கேட்டுவிட்டது. திரும்பவில்லை. ஓடிக்கொண்டே வலது கையைத் தலைக்குமேல் உயர்த்தி ஒற்றை விரலைக் காட்டினார். ஒன்றாம் கியர்! பாவி மனுஷன், தன்னை அள்ள வருகிற வண்டிக்கே பாடம் நடத்துகிறார். சிஸ்டர் சட்டென்று கியரை மாற்றினார். வேன் கனைத்துக்கொண்டு மேலேறி அவர் குதிகாலுக்குப் பின்னாலேயே போய்ச் சேர்ந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

மேட்டு உச்சி வந்தது. அங்கிருந்து கோடுவரை இறக்கம். மாடிப்படியில் பின்பக்கமாக இறங்குகிற அந்த மனிதர் அந்த இறக்கத்தில் முகத்தை நேரே வைத்துக்கொண்டு இறங்கினார் பாருங்கள்! இரண்டு கையும் வீச, வலது கால் எதையும் அழுத்தாமல், தடுக்காமல், தரையைத் தட்டித் தட்டித் தள்ளிவிட்டுப் போனது. பச்சைச் சட்டை மறுபடி சின்னதாகத் தொடங்கியது. வேனுக்குள் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேரும், தாங்கள் தோற்றதை மறந்து, ஜன்னலைத் தட்டி “விடாதீங்க மாஸ்டர், விடாதீங்க!” என்று கத்தினார்கள். அவர் பெயர் தெரியாதவர்கள்கூட நான் கத்தியதைக் கேட்டு அதே பெயரைப் பிடித்துக்கொண்டார்கள்.

கோட்டருகே கூட்டம். மனைவி குள்ளம், கூட்டத்துக்கு மேலே எட்டிப் பார்க்க எதன்மேலோ ஏறி நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் ஏறி நின்றது, ஷூவைப் போட்டு அடைப்பதற்காக வீட்டிலிருந்து எடுத்து வந்த அட்டை டப்பா. அது எப்போதோ நசுங்கி அப்பளமாகிவிட்டது. அதன்மேலேயே நின்று, ஆஸ்பத்திரியில் யாரும் கேட்டிராத குரலில், “வந்துட்டாரு, என் வீட்டுக்காரரு நடந்தே வந்துட்டாரு!” என்று கூவினார். “நடந்து இல்லக்கா, ஓடி!” என்று யாரோ திருத்தினார்கள். அவர் காதில் விழவில்லை.

மாஸ்டர் கோட்டைத் தாண்டினார். வேன் அவருக்குப் பின்னால், நாலு ஆள் தூரத்தில், காலியான ரோட்டில் வந்துகொண்டிருந்தது. அவர் அதில் இல்லை. சொந்தக் காலில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சிஸ்டர் வண்டியை நிறுத்தினார். கைபிரேக் போட்டார். நியூட்ரலுக்கு மாற்றினார். எல்லாவற்றையும் வரிசை தவறாமல் செய்து முடித்த பிறகு, உள்ளங்கையை ஹாரன்மேல் வைத்து, தன் பலம் முழுவதையும் கொடுத்து அழுத்தினார். தெருவே அதிர்ந்தது. செத்தோம் என்று நினைத்தேன்.

குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மாஸ்டர் தலையை நிமிர்த்தினார். எங்களைப் பார்த்தார். பேச மூச்சு இல்லை. வலது கையை உயர்த்தி, கட்டைவிரலை நீட்டி, காற்றில் ஒரு அழுத்து அழுத்திக் காட்டினார்: இன்னொரு தடவை.