ரஞ்சிதாவின் மூன்றாவது கை

தன் இரண்டு கைகளையும் கழுவித் துடைத்துக்கொண்டு, அதே துண்டால் இன்னொரு கையையும் துடைக்கிறார் ரஞ்சிதா. அந்தக் கைக்கு உடம்பு கிடையாது. முழங்கை வரைக்கும் சிலிக்கானில் செய்தது. ரேகையும் நகமும் அச்சு அசல். அதைச் சாப்பாட்டு மேசைமேல் கிடத்தி, மருதாணிக் கோனின் நுனியைக் கத்தரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு முதல் கோட்டை இழுப்பார். அந்த நேரத்தில் வாசலில் யார் கூப்பிட்டாலும் பதில் வராது. மல்லசமுத்திரத்தில் அவருக்கு எதிர் வீடு எங்களுடையது என்பதால் இந்தத் தரிசனம் எனக்குத் தினமும் உண்டு.

மருதாணி வகுப்பில் சேர்ந்த புதிதில் தெருவில் உள்ள எங்கள் கைகளில்தான் பழகினார். இன்றைக்குக் கொடி, நாளைக்கு மயில். சிங்க் நிறையப் பாத்திரம் கிடக்க, கையைத் தூக்கிக்கொண்டு எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பது? ஒவ்வொருவராக நழுவினோம். நானும்தான். “எல்லாருக்கும் சோலி இருக்குதுங்க அக்கா, பாவம் நீங்க என்ன பண்ணுவீங்க” என்று சிரித்தபடியே சொல்லிவிட்டு, இந்தக் கையை வரவழைத்துவிட்டார். பார்சலைப் பிரித்த மாமியார் பொன்னாயி, “அடக் கருமமே, ஆரு கையடி இது!” என்று பெட்டியோடு கீழே போட்டார். இப்போது அவரே அதற்கு வளையல் மாட்டி அழகு பார்க்கிறார். கணவர் மதியழகன் போர்வெல் ரிக் வண்டியில் சத்தீஸ்கர் பக்கம் போயிருக்கிறார். வீடியோ காலில் வந்தால் முதலில் அவருக்குத் தெரிவது இந்தக் கைதான், மனைவி முகம் அப்புறம்தான்.

“இந்தக் கைக்கு மூக்கு அரிக்காதுங்க. போன் அடிச்சா எடுக்கோணும்னு துடிக்காது” என்று அதன் குணத்தை மெச்சுவார். ஆனால் அதற்கும் ஒரு பிடிவாதம் உண்டு. வரைந்து முடித்ததும் படம் எடுத்துவிட்டு, உடனே ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். காயவிட்டால் கறை பிடித்துக்கொள்ளும், அப்புறம் கை வீண். வரை, படம் எடு, துடை. தூக்கத்தில் எழுப்பினாலும் இதைச் செய்துவிடுவார்.

அந்தப் பழக்கம்தான் அவர் மானத்தை வாங்கியது. பக்கத்துத் தெரு அறிவுச்செல்விக்கு நிச்சயதார்த்தம். ரஞ்சிதாவை வேலைக்கென்று கூப்பிட்ட முதல் வீடு அது. பெண்ணின் உள்ளங்கையில் தாமரை, மணிக்கட்டு வரைக்கும் கொடி. சுற்றி நின்றவர்கள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, வரைந்து முடித்தார், படம் எடுத்தார், ஈரத்துணியால் ஒரே இழுப்பாகத் துடைத்தார். “அக்கா!” என்று பெண் அலறிய பிறகுதான் அது உயிருள்ள கை என்பது அவருக்கு உறைத்தது. மறுபடி உட்கார்ந்து அத்தனையையும் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தார். ஆனால் சேதி அவருக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்திருந்தது. அதன் பிறகு ஒரு விசேஷ வீடும் அவரைக் கூப்பிடவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அவரே சொல்லிச் சிரித்தார்: “அழிச்சு அழிச்சே பழகிருச்சுங்க அக்கா. உட மாட்டீங்குது.”

கல்யாணத்துக்கும் அறிவுச்செல்வி அவரையே கூப்பிட்டதுதான் அதிசயம். “மறுக்காவும் அவளையா? உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா சாமி?” என்று தாயார் பெரியநாயகி சத்தம் போட்டாராம். “எந்திரிச்சு ஓடாம உக்காந்து திரும்பப் போட்டாங்கல்லம்மா” என்றாளாம் பெண். இந்தத் தடவையும் பிசகினால் ஊரில் இனி ஒருத்தரும் கையை நீட்ட மாட்டார்கள் என்பது ரஞ்சிதாவுக்குத் தெரியும். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். “ஏனுங்க அக்கா, என் கை துணிப் பக்கம் போச்சுன்னா, ஒரு போடு போட்டுருங்க.”

இரண்டு கைகளுக்கும் போட்டு முடிக்கையில் மத்தியானம் திரும்பிவிட்டது. கடைசியாகச் சுண்டுவிரல் நுனியில் ஒரு புள்ளி வைத்தார். படம் எடுத்தது நான். அவருடைய வலது கை தானாக மேலே எழும்பியது. நான் எட்டிப் பிடிப்பதற்குள் அவரே இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகி, அவற்றின்மேல் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டார். காயும் வரைக்கும் எழுந்திருக்கப் போவதில்லை என்றார்.

பெரியநாயகி தட்டில் சோறு பிசைந்து கொண்டுவந்து மகளுக்கு ஊட்ட ஆரம்பித்தார். நடுநடுவே ரஞ்சிதாவையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். “நீயும் எந்திரிச்சு வந்து சாப்புடு கண்ணு.”

“வேண்டாமுங்க. கையை வெளிய எடுத்தா, அது என்ன பண்ணுமின்னு எனக்கே தெரியாதுங்க.”

பெரியநாயகி அடுத்த உருண்டையை உருட்டி, மகளைத் தாண்டி ரஞ்சிதாவின் வாய்க்கு நேரே நீட்டினார்.